மியோக்குக், இடம்புரிக் கயிறு, 21 நாள்: கொரியப் பிள்ளைப்பேற்று வழக்கங்களை ஆய்வுகள் உண்மையில் நிரூபித்தனவா?

3 பிப்ரவரி 2026, மாலை (கேள்வி)

கொரியத் தொடர்களில் பிள்ளை பெற்றவளுக்கு முதல் சாப்பாடே மியோக்குக் என்ற கடற்பாசி சூப்தான். வாசலில் மிளகாய் செருகிய கயிறு தொங்குகிறது, 21 நாளைக்கு வெளியார் யாரும் உள்ளே வருவதில்லை. இதையெல்லாம் கொரியப் பல்கலைக்கழகங்களே ஆராய்ந்து அறிவியல்படி சரி என்று நிரூபித்துவிட்டதாக ஒரு காணொளியில் சொன்னார்கள். அது உண்மையா? சூப்பை எப்படி வைப்பது, எத்தனை நாள் குடிப்பது என்றும் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

3 பிப்ரவரி, இரவு

அப்படி மொத்தமாக யாரும் நிரூபிக்கவில்லை, மொத்தமாக நிரூபிக்கவும் முடியாது. சன்ஹுஜோரி, அதாவது பிரசவத்துக்குப் பிந்தைய பராமரிப்பு என்பது பல வழக்கங்களின் தொகுப்பு. அடுப்பில் சூப் இருக்கிறது. வாசலில் கயிறு இருக்கிறது. அறையில் சூடான தரை இருக்கிறது. மூலையில் ஒரு பாட்டி தெய்வத்துக்குப் படையல் இருக்கிறது. சூப்பை உட்சுரப்பியல் மருத்துவர்கள் அளக்கிறார்கள், கயிற்றை நாட்டாரியல்காரர்கள் பதிவு செய்கிறார்கள். அறைக்குள் யார் யாரைக் கவனித்தார்கள் என்பதைக் குடும்பவியல், செவிலியர் துறைக்காரர்கள் கேட்டு எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பது குறைவு. காணொளிகளில் வரும் "நிரூபித்துவிட்டார்கள்" இந்த இடைவெளியில்தான் முளைக்கிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

4 பிப்ரவரி

முதலில் அடுப்பு. மியோக் என்பது ஜப்பானியர் வகாமே என்று சொல்லும் பழுப்புக் கடற்பாசி. குக் என்றால் சூப்.

நாலு பேருக்குக் காய்ந்த மியோக் 20 கிராம் போதும். பார்க்க ஒரு கைப்பிடிதான் இருக்கும், ஊறினால் பத்து மடங்குக்கு மேல் பெருகும். முதல் தடவை வைக்கிறவர்கள் பாக்கெட்டில் பாதியைக் கொட்டிவிட்டுப் பானை பொங்கி வழிவதைப் பார்த்துத் திகைப்பார்கள். குளிர்ந்த நீரில் 20 முதல் 30 நிமிடம் ஊறட்டும். பிறகு துணி துவைப்பது மாதிரி அழுத்திக் கசக்கி, நுரை நிற்கும்வரை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசி, நன்றாகப் பிழிந்து, விரல் நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள்.

150 கிராம் மாட்டு நெஞ்சுக்கறியை ஒரு மேசைக்கரண்டி வறுத்த எள்ளின் எண்ணெயில் வதக்கி, மியோக்கைப் போட்டு, சூப்புக்கென்றே இருக்கும் சோயா சாறு குக்-கன்ஜாங் ஒரு கரண்டி விட்டு, பச்சை அடர்ந்து பளபளப்பு வரும்வரை நாலைந்து நிமிடம் புரட்ட வேண்டும். அப்புறம் ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீர். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் விடுகிறவர்களும் உண்டு. கொதி வந்ததும் தணலைக் குறைத்து 40 நிமிடம். பூண்டு கடைசிப் பத்து நிமிடத்தில், உப்பு இறக்கும்போது.

எங்கே கெடும்? பிழியாமல் போட்டால் எண்ணெய் ஒட்டாது, கவிச்சி நிற்கும். உப்பை முதலிலேயே போட்டால் வற்ற வற்றக் கரிக்கும். சாதாரணச் சோயா சாறு விட்டால் கறுத்து இனிப்புத் தட்டும். 15 நிமிடத்தில் இறக்கினால் இலை ரப்பர் மாதிரி இருக்கும். வெங்காயத்தாள் இதில் சேராது. கால்சியத்தைத் தடுக்கும் என்பார்கள். எனக்கு அதைவிட, வழவழப்போடு வழவழப்பு சேர்ந்து வாய்க்கு ஒவ்வாது என்ற காரணமே போதும்.

4 பிப்ரவரி, சற்றுப் பின்

மேலே எழுதியது இன்றைய வீட்டுச் சூப். பிரசவம் ஆனவுடன் கொடுக்கும் முதல் சோறும் சூப்பும் சேர்ந்தது சொத்-குக்பாப். அந்த முதல் சூப்பில் பெரும்பாலும் கறி கிடையாது, மியோக்கும் எண்ணெயும் சோயா சாறும் மட்டும்தான். கறி பிறகு வந்து சேரும். ஜேஜு தீவில் மீன் போடுவார்கள், சில கடலோர ஊர்களில் சிப்பி.

பிள்ளை பெறப்போகிறவளுக்கு வாங்கும் மியோக்குக்குச் சன்மோ மியோக் என்று தனிப் பெயர். நீளமாக, மடிக்காமல், ஒடிக்காமல் கொடுப்பார்கள். ஒடித்தால் பிரசவம் கஷ்டமாகும் என்று நம்பிக்கை. பேரம் பேசவும் கூடாது. ஜிந்தோ பக்கம் பாறையில் தானாக வளர்வதற்கு மதிப்பு அதிகம். அங்கே குவாக்தோ என்று ஒரு தீவு, பெயருக்கே மியோக் தீவு என்றுதான் பொருள். பாறை மியோக் தடிமன் என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்க வேண்டும். சாறு பால்போல வெளுத்து வரும்.

6 பிப்ரவரி

இப்போது அளந்து பார்த்தவர்கள் கண்டது.

மியோக்கில் அயோடின் இருக்கிறது. காய்ந்த மியோக் ஒரு கிராமுக்குச் சுமார் 100 மைக்ரோகிராம் என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடலையும் பருவத்தையும் பொறுத்து நிறைய ஏறி இறங்கும். மேலே சொன்ன சூப்பில் ஒரு கிண்ணத்துக்கு 5 கிராம், ஆக 500 மைக்ரோகிராம். பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது 250. அமெரிக்காவின் உச்சவரம்பு 1,100. கொரியா தன் உணவுப் பழக்கத்தைக் கருதிப் பெரியவர்களுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 2,400. மூன்று வேளையும் சூப் என்றால் 1,500 ஆகிவிடும். நாலு வேளையும் தாராளமாக ஊற்றினால் கொரிய வரம்பே நெருங்கிவிடும்.

இது வெறும் மனக்கணக்கு அல்ல. 1999-ல் வெளியான ஒரு கொரிய ஆய்வில், பிரசவமாகி 2 முதல் 5 நாள் ஆன தாய்மார்கள் நாளொன்றுக்குச் சராசரி 2,744 மைக்ரோகிராம் அயோடின் எடுத்தார்கள். நாலாவது வாரத்தில் அது 1,295. சீம்பாலில் லிட்டருக்கு 2,170, நாலு வாரத்துப் பாலில் 892. தாய் சாப்பிடுவது அப்படியே பாலில் இறங்குகிறது.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் தாங்கும். அயோடின் திடீரென்று அதிகமானால் தைராய்டு தன் சுரப்பை நிறுத்திக்கொள்ளும், ஓரிரு நாளில் பழகி மீளும். 1948-ல் விவரிக்கப்பட்ட இதற்கு உல்ஃப்-சைகாஃப் விளைவு என்று பெயர். அந்த மீளும் திறன் குறைமாதக் குழந்தைக்கு இன்னும் முதிர்ந்திருக்காது. நிறுத்தியது நிறுத்தியபடியே இருந்துவிடலாம். குறைமாதக் குழந்தைகளின் லேசான தைராய்டு குறைபாட்டுக்கும் தாய்ப்பாலின் மிகை அயோடினுக்கும் தொடர்பு இருப்பதை 2009-ல் கொரிய மருத்துவர்களே காட்டினார்கள். தாய் கடற்பாசி சூப் குடித்துப் பிறந்த குழந்தைக்குத் தைராய்டு குறைந்த நேர்வுகள் 2011-ல் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பதிவாயின.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு: சூப்பின் பெருமையை நிரூபித்ததாகச் சொல்லப்படும் கொரிய மருத்துவ ஆய்வுகளில் மிகக் கவனமாகச் செய்யப்பட்டவை, அதன் அளவைப் பற்றி எச்சரித்தவைதான்.

7 பிப்ரவரி

நேற்று எழுதியதில் ஒரு முக்கியமான விடுபடல். எல்லாக் கடற்பாசியும் ஒன்று என்பதுபோல எழுதிவிட்டேன். தாசிமா வேறு. ஜப்பானியர் கொம்பு என்பது. சாறு எடுக்கப் போடும் தடித்த பட்டை. அதில் அயோடின் மியோக்கைவிடப் பத்து மடங்குக்கு மேல், அதுவும் கொதிநீரில் உடனே கரைந்து இறங்கும். மியோக்குக்குக்குச் சுவை கூட்ட ஒரு துண்டு தாசிமாவைப் போட்டுச் சாறு எடுத்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் உடைந்துபோகும். கடையில் தயாராக விற்கும் சாறுப் பொடிகளிலும் தாசிமா இருப்பது வழக்கம். அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

இரண்டாவது: அயோடின் நீரில் கரையும். ஊறவைத்த தண்ணீரையே சூப்பில் விடுகிறவர்கள் உண்டு, சத்து போய்விடுமே என்று. பிரசவச் சூப்புக்கு அதைக் கொட்டிவிடுவதே நல்லது.

மூன்றாவது: அயோடின் வாய்வழி மட்டும் வருவதில்லை. அறுவைப் புண்ணுக்கும் தொப்புள் கொடிக்கும் தடவும் பழுப்புநிற மருந்தும் அயோடின்தான். குறைமாதக் குழந்தையின் பரிசோதனை முடிவைப் பார்க்கும்போது மருத்துவரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

9 பிப்ரவரி

"தொங்-உய் போகமிலேயே மியோக்குக் சொல்லியிருக்கிறதே" என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். மருத்துவர் ஹோ ஜுன் 1610-ல் முடித்து 1613-ல் அச்சேறிய மருத்துவப் பெருநூல் அது. அதில் மியோக்கின் குணம் இப்படி வருகிறது: குளிர்ச்சி, உப்புச் சுவை, நஞ்சில்லை. உடலின் வெப்பத் தவிப்பைத் தணிக்கும், கழுத்துக் கழலையையும் வாயுக் கட்டையும் கரைக்கும், சிறுநீரை இறக்கும்.

கழலைக்குக் கடற்பாசி என்பது அயோடின் என்ற பெயர் பிறப்பதற்கு 200 ஆண்டு முன்னாலேயே கிடைத்த சரியான கைப்பக்குவம். ஆனால் "குளிர்ச்சி" என்ற சொல்லைக் கவனியுங்கள். பிள்ளை பெற்றவளுக்குக் குளிர்ந்தது எதுவும் ஆகாது என்பதுதான் சன்ஹுஜோரியின் முதல் விதி. குளிர்ந்த நீர் கூடாது, காற்று கூடாது, ஐஸ் கூடாது. பிறகு குளிர்ச்சிக் குணமுள்ள பாசி எப்படி முதல் உணவானது? புத்தகம் மியோக்கைக் கொடுத்து, வீடு அதை ஏற்றுக்கொண்டது என்று இதைப் பார்த்தால் விளங்காது. வீடு ஏற்கெனவே சமைத்துக்கொண்டிருந்தது, புத்தகம் தன் வகைப்பாட்டில் அதற்கு ஒரு இடம் போட்டது.

அரண்மனையும் பிரசவத்துக்கென்று தனி நூல்கள் எழுத வைத்தது. நோ ஜுங்-ரேயின் தெசான் யோரோக் 1434. ஹோ ஜுன் 1608-ல் ஹங்குலில் தந்த பிரசவ நூல் இன்னொன்று. சீன எழுத்து படிக்கத் தெரியாத பெண்களுக்கும் எட்டும்படி கொரிய எழுத்தில் ஒரு மருத்துவ நூல் என்பதே பெரிய விஷயம்.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்று சொல்லப்படும் திமிங்கிலக் கதை? குட்டி ஈன்ற திமிங்கிலம் ஒருவனை விழுங்கிவிட்டது, உள்ளே வயிறு முழுக்க மியோக்கும் அதனால் நீர்த்துப்போன கெட்ட ரத்தமும் இருப்பதை அவன் கண்டான், தப்பி வந்து ஊருக்குச் சொன்னான், அதிலிருந்து பெண்கள் சாப்பிடத் தொடங்கினார்கள். இதை 19-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தவர் யி கியு-கியோங். பிள்ளை பெற்றவள் ஏன் கோழியும் மியோக்கும் சாப்பிடுகிறாள் என்று ஆராய ஒரு தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். வழக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சான்றாக அதை எடுக்கக் கூடாது. ஆனால் "ஏன் இதைச் சாப்பிடுகிறோம்" என்ற கேள்வி அப்போதே படித்தவர்களைக் குடைந்தது என்பதற்கு அது நல்ல சான்று.

12 பிப்ரவரி

கயிறு.

பெயர் கும்ஜுல், தடைக்கயிறு. வைக்கோல் புரிதான், ஆனால் இடம்புரி. அன்றாட வேலைக்குத் திரிக்கும் கயிறு வலப்பக்கம் முறுக்கேறும். இதை வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் திரிப்பார்கள். வழக்கத்துக்கு மாறானது என்பதால்தான் அதற்குக் காவல் சக்தி. ஆண் பிறந்தால் சிவப்பு மிளகாயும் கரித்துண்டும் செருகுவார்கள். பெண் என்றால் கரியும் பைன் கிளையும். வாசலுக்குக் குறுக்கே மூன்று ஏழு, அதாவது 21 நாள். அந்த நாட்களுக்குச் சம்சிரில் என்று பெயர். பகுதிக்குப் பகுதி 7 நாளும் உண்டு, 49 நாளும் உண்டு.

அந்த மூன்று ஏழுகளும் வெறும் காத்திருப்பு அல்ல. முதல் ஏழில் சுற்றிவைத்த துணியைப் பிரித்துக் கழுத்துப்பட்டி இல்லாத சட்டை போட்டு ஒரு கையை வெளியே விடுவார்கள். இரண்டாம் ஏழில் பட்டி வைத்த சட்டை, மறு கையும் வெளியே. மூன்றாம் ஏழில் முழு உடை, அன்றே கயிறு இறங்கும். குழந்தை தவணை தவணையாக ஊருக்குள் வருகிறது.

கரி நச்சை உறிஞ்சும், மிளகாய் கிருமியைக் கொல்லும் என்று அறிவியல் விளக்கம் சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கயிறு வாசலில், ஆள் உயரத்தில், வெட்டவெளியில் தொங்குகிறது. அங்கிருந்து அது எதையும் சுத்தம் செய்யாது. அதன் வேலை, வருகிறவனைத் திருப்பி அனுப்புவது. படிக்கத் தெரியாதவனுக்கும் தூரத்திலிருந்தே புரியும் அறிவிப்பு. சாவு வீட்டுக்குப் போய் வந்தவன், நோயாளியைத் தொட்டவன், சந்தைக்காரன் எல்லாரும் அங்கேயே நின்றுவிடுவார்கள். பிறந்த முதல் வாரங்களில் ஆள் நடமாட்டத்தைக் குறைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று குழந்தை மருத்துவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். இந்தத் தொகுப்பில் இன்றைய மருத்துவத்தோடு நன்றாக ஒத்துப்போவது சூப்பைவிடக் கயிறுதான்.

12 பிப்ரவரி, இரவு

திருத்தம். கயிற்றை மிளகாயோடு சேர்த்து "ஆதிகாலத்து வழக்கம்" என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1614-ல் யி சூ-குவாங் எழுதிய ஜிபொங் யுசொல் அதை ஜப்பானிலிருந்து வந்ததாக, "ஜப்பான் கடுகு" என்ற பெயரோடு சொல்கிறது. ஆக இடம்புரிக் கயிறு எவ்வளவு பழையதோ இருக்கட்டும், அதில் செருகிய மிளகாய்க்கு 400 வயதுக்கு மேல் கொடுப்பது கடினம். செருகும் பொருள் மாறினாலும் கயிறு அப்படியே இருந்திருக்கிறது.

இன்னொன்று. இதே கயிறு, இதே மிளகாய், இதே கரி சோயா சாறு ஊறும் ஜாடிக்கும் கட்டுவார்கள். பசு கன்று ஈன்ற தொழுவத்திலும் கட்டுவார்கள். ஊர்க் காவல் மரத்திலும் கட்டுவார்கள். குழந்தை, நொதிக்கும் ஜாடி, கன்று: மூன்றும் இன்னும் நிலைகொள்ளாதவை, வெளியிலிருந்து எது புகுந்தாலும் கெடக்கூடியவை. பிரசவக் கயிற்றை மட்டும் தனியாக ஆராய்கிற கட்டுரைகளுக்கு இது பிடிபடாது.

15 பிப்ரவரி

மூலையில் இருக்கும் தெய்வம் சம்சின் ஹல்மொனி. ஹல்மொனி என்றால் பாட்டி. சோறும் மியோக்குக்கும் நீரும் முதலில் அவளுக்கு, மும்மூன்று கிண்ணமாக வைப்பதும் உண்டு. பிறகுதான் தாய் அதே சோற்றையும் சூப்பையும் சாப்பிடுவாள். அப்படியானால் அந்தச் சூப் படையலும்தான். வீடு எவ்வளவு வறுமையில் இருந்தாலும், தெய்வத்துக்கு என்று அரிசி எடுத்து வைத்தே தீர வேண்டும், அந்த அரிசி கடைசியில் பெற்றவள் வயிற்றுக்குப் போகும். மருமகள் வேளாவேளைக்குச் சாப்பிட உரிமை கேட்க முடியாத வீடுகளில் பாட்டி தெய்வம் அவளுக்காகக் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறது. இது என் வாசிப்பு. ஆனால் படையலும் உணவும் ஒன்றே என்பது பதிவில் உள்ள விஷயம்.

குழந்தையின் பிட்டத்தில் இருக்கும் நீலத் திட்டு, வெளியே போ என்று அவள் தட்டி அனுப்பிய அடையாளமாம். மருத்துவம் அதை மேல்தோலுக்கு வராமல் ஆழத்தில் தங்கிய நிறமிச் செல்கள் என்று சொல்லும். சில ஆண்டுகளில் தானே மறையும்.

ஜேஜுவில் ஷாமன்கள் பாடும் கதை இன்னும் ஆழம். கிழக்குக் கடல் டிராகன் அரசன் தன் அடங்காத மகளை இரும்புப் பெட்டியில் அடைத்து வெளியேற்றுகிறான். பிள்ளை கொடுப்பது எப்படி என்று தாய் சொல்லித் தருகிறாள். பிள்ளையை வெளியே எடுப்பது எப்படி என்று சொல்லும் முன் பெட்டி மூடிவிடுகிறது. அவள் ஒரு வீட்டுக்குப் பிள்ளை வரம் கொடுக்கிறாள். மாதம் கடந்தும் பிரசவிக்க வைக்க வழி தெரியவில்லை, தாயும் பிள்ளையும் சாகக் கிடக்கிறார்கள். வானம் இன்னொருத்தியை அனுப்புகிறது. இருவருக்கும் பூ வளர்க்கும் போட்டி. டிராகன் மகளின் பூ வாடுகிறது. வென்றவள் இவ்வுலகின் பிரசவப் பாட்டி, தோற்றவள் இறந்த குழந்தைகளை ஏற்கும் மறுவுலகப் பாட்டி. போகும்போது, 100 நாள் கழிந்த பிள்ளைகளுக்கு நோய் தருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

கருவுறுவது ஒரு அறிவு, பிரசவம் பார்ப்பது வேறு அறிவு, இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது கொல்லும். மருத்துவச்சியின் தொழில் இதைவிடத் தெளிவாக எந்தக் கதையில் சொல்லப்பட்டிருக்கிறது?

15 பிப்ரவரி, தொடர்ச்சி

100 நாள் என்றதும் நினைவு வருவது: கொரிய மொழியில் கக்குவான் இருமலுக்கே பெகில்ஹே, அதாவது நூறு நாள் இருமல் என்று பெயர். நூறாம் நாள் விருந்து பெகில். வெள்ளை அரிசி மாவில் அவித்த தொக் என்ற பலகாரம், சிவப்புச் சோளத்தில் பயறு பிரட்டிய உருண்டை. சிவப்பு பேயை விரட்டும். நூறு வீட்டுக்குப் பங்கு போட்டால் பிள்ளைக்கு ஆயுள். வாங்கியவர் தட்டைக் கழுவாமல், அதில் நூலோ அரிசியோ வைத்துத் திருப்ப வேண்டும்.

19 பிப்ரவரி

கயிறு போய் இப்போது கண்ணாடிக் கதவு. 1990-களின் பிற்பாதியிலிருந்து பெருகியவை ஜோரிவொன், பிரசவத்துக்குப் பின் தங்கும் கட்டண இல்லங்கள். அரசு மூன்றாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கெடுப்பில் இவற்றைப் பயன்படுத்திய தாய்மார் 2018-ல் 75.1 சதவீதம், 2021-ல் 81.2, 2024-ல் 85.5. தங்குவது சுமார் இரண்டு வாரம், செலவு 2024-ல் சராசரி 28 லட்சம் வொன்னுக்கு மேல். 2023-ல் பெண் ஒருவருக்கு 0.72 பிள்ளை என்ற அளவுக்குப் பிறப்பு விழுந்த நாட்டில் இந்த இல்லங்களை நாடும் தாய்மாரின் பங்கு மட்டும் கூடியதற்குக் காரணம் எளிது. பார்த்துக்கொள்ள அம்மா வீட்டில் இல்லை, அவரும் வேலைக்குப் போகிறார்.

நல்லது: தூக்கம், பால் கொடுக்கக் கற்றுத்தருவது, வேளைக்குச் சாப்பாடு. கெட்டது: பச்சிளம் குழந்தைகள் பலரை ஒரே அறையில் வைத்து ஒரே பணியாளர் கை மாற்றித் தூக்குவது. ஆர்.எஸ்.வி. சளித்தொற்று ஒன்று புகுந்தால் வரிசையாகப் பரவும், காசநோயுள்ள பணியாளரால் குழந்தைகள் மொத்தமாகப் பரிசோதனைக்குப் போக நேர்ந்ததும் உண்டு. கும்ஜுல் ஒரு வீட்டை ஒரு குழந்தையோடு மூடியது. ஜோரிவொன் வெளியாரைத் தடுத்தாலும் உள்ளே பல குழந்தைகளைச் சேர்த்துவிடுகிறது. தேர்ந்தெடுப்பவர்கள் கேட்க வேண்டியது சூப்பின் ருசியை அல்ல: குழந்தை தாயோடு ஒரே அறையில் இருக்கலாமா, ஒரு பணியாளருக்கு எத்தனை குழந்தை, இருமலோடு வருபவரை எப்படி விலக்குகிறார்கள்.

20 பிப்ரவரி

சன்ஹுபுங் பற்றிக் கேட்டிருந்தார்கள். "பிரசவக் காற்று". மூட்டு வலி, எலும்புக்குள் குளிர், வியர்வை, மரத்துப்போதல். கொரியாவில் மேற்கத்திய மருத்துவருக்கும் கொரிய மரபு மருத்துவருக்கும் தனித்தனி உரிமம். இரண்டாமவர் இதை நோயாகவே எழுதுவார், கொரிய நோய் வகைப்பாட்டில் அதற்குக் குறியீடும் உண்டு. முதலாமவர் அதே பெண்ணிடம் வேறு பெயர்களைத் தேடுவார்: பிள்ளையைத் தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் வந்த தசைநாண் உறை அழற்சி, பிரசவத்துக்குப் பின் தலைகாட்டும் முடக்குவாதம், ரத்தசோகை, மனச்சோர்வு, தைராய்டு அழற்சி.

கடைசிச் சொல்லில் நின்று 6 பிப்ரவரி குறிப்பைத் திரும்பப் படியுங்கள். தைராய்டு குறைந்தால் குளிர் தாங்காது, உடம்பு அசதி, மூட்டு வலி. அளவு மீறிச் சூப் குடித்த ஒருத்திக்கு இந்த வலி வந்தால் "காற்றுப் புகுந்துவிட்டது, இன்னும் சூப் குடி" என்று சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது. டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையை ஒரு தடவை பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

தரைச்சூடு விஷயத்தில் பழைய முறையைத் தளர்த்துவதே சரி. வேர்த்து ஊற்றும்வரை மூடிப் படுப்பதால் வேர்க்குரு, நீரிழப்பு, குழந்தைக்கு உடல் சூடேறுதல். அசையாமல் கிடப்பதால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயம், பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் அது சாதாரண நாளைவிட அதிகம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால் காத்திருக்கக் கூடாது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சேங்ஹ்வாதாங் கஷாயத்தில் தாங்குயி என்ற மூலிகையின் வேரும் பீச் கொட்டைப் பருப்பும் இருக்கும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

26 பிப்ரவரி

"17-ஆம் தேதி தொடங்கிய சந்திரமானப் புத்தாண்டு செங்குதிரை ஆண்டாமே, பெண் பிள்ளைக்கு ஆகாதாமே" என்று ஒரு கேள்வி. இதற்கு மட்டும் மென்மையாகப் பதில் எழுத என்னால் முடியவில்லை.

குதிரை ஆண்டில் பிறந்த பெண் அடங்காதவள் என்ற எண்ணம் ஜப்பானியச் செங்குதிரை நம்பிக்கையிலிருந்து வந்தது என்பதே கொரியாவில் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஜப்பானில் 1966-ல் பிறப்புகளே கால் பங்கு குறைந்தன. கொரியாவில் 1990 வெள்ளைக்குதிரை ஆண்டு. அதற்குள் ஸ்கேன் கருவி ஊர் ஊராக வந்துவிட்டது. கருவின் பாலினத்தைச் சொல்ல 1987-லேயே சட்டம் தடை போட்டும், 1990-ல் 100 பெண்ணுக்கு 116.5 ஆண் பிறந்தது. மூன்றாவதும் அதற்கு மேலுமான பிள்ளைகளில் ஆண் கிட்டத்தட்ட இரட்டிப்பு. நம்பிக்கை, குடும்ப வாரிசு முறை, மருத்துவக் கருவி மூன்றும் ஒரே ஆண்டில் கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. நாட்டாரியல் என்பது பாட்டி கதை மட்டும் என்று நினைக்கிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

அது மாறவும் செய்தது. 2007-க்குள் விகிதம் இயல்புக்கு வந்தது. ஆண் தலைமைக் குடும்பப் பதிவு 2008-ல் ஒழிந்தது. 32 வாரத்துக்கு முன் பாலினம் சொல்லக் கூடாது என்ற தடையை 2024 பிப்ரவரியில் அரசியல் சாசன நீதிமன்றமே நீக்கியது, இனி அது தேவையில்லை என்று.

2 மார்ச்

ஆய்வுகளைத் தாங்களே தேட விரும்புபவர்களுக்கு. ரிஸ் தளத்தில் பட்ட ஆய்வேடுகள் பலவும் முழுதாகக் கிடைக்கும். கே.சி.ஐ. கட்டுரைகளுக்கு, கொரியாமெட் மருத்துவ இதழ்களுக்கு, ஓயாசிஸ் கொரிய மரபு மருத்துவத்துக்கு. ஒரே சொல்லை ஒரு தளத்தில் மட்டும் தேடி "இதைப் பற்றி ஆய்வே இல்லை" என்று முடிவுக்கு வராதீர்கள். ஆங்கில எழுத்தில் ஒரே சொல் நாலு விதமாக வரும், ஹங்குலில் ஒட்டித் தேடுங்கள். மொழிபெயர்ப்புக் கருவி போதும், ஆனால் அட்டவணையை நீங்களே பாருங்கள்.

அடிக்கடி சறுக்கும் இடம் வயது. பழைய பதிவுகளில் கொரிய வயது: பிறந்ததும் ஒன்று, புத்தாண்டுக்கு ஒன்று. "இரண்டு வயதுக் குழந்தை" என்று எழுதியிருந்தால் அது முதல் பிறந்தநாளைக்கூடத் தாண்டாததாக இருக்கலாம். சட்டப்படி வயது ஒரே முறைக்கு வந்தது 2023 ஜூனில்தான். தேதியும் அப்படித்தான், சந்திரமானமா என்று பாருங்கள்.

கேள்வித்தாள் ஆய்வானால் தாய்மாரை எங்கே பிடித்தார்கள் என்று பாருங்கள். ஜோரிவொன்னில் படுத்திருப்பவர்களிடம் கேட்டால் வீட்டில் தனியாகக் கஷ்டப்படுகிறவள் கணக்கிலேயே வரமாட்டாள். அயோடின் ஆய்வானால் நினைவிலிருந்து சொன்ன கிண்ணக் கணக்கா, பாலையோ சிறுநீரையோ அளந்ததா என்று பாருங்கள். ஊர்ப் பதிவானால் சொன்னவர் யார், எந்த ஊர், தான் செய்ததைச் சொல்கிறாரா, கேட்டதையா? "கொரியர்கள் செய்வார்கள்" என்று மட்டும் எழுதிய கட்டுரையை ஓரமாக வையுங்கள்.

3 மார்ச்

"எல்லாம் மாமியார் செய்வதா, அம்மா செய்வதா" என்ற கேள்விக்கு. மருமகள் புகுந்த வீட்டிலேயே பெறுவது என்பது பிற்காலத்தில் இறுகிய வழக்கம். ஜோசொன் அரச வம்சக் காலத்தின் (1392–1910) முற்பகுதியில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் நெடுநாள் இருப்பது சாதாரணம். அறிஞர் யி இ, யுல்கோக் என்பவர், 1536-ல் பிறந்தது காங்னுங்கில் தாய் சின் சைம்தாங்கின் பிறந்த வீட்டில். டிராகன் கனவு கண்டு பெற்றாள் என்பதால் அந்த அறைக்கே கனவு டிராகன் அறை என்று பெயர், இன்றும் போய்ப் பார்க்கலாம். ஆகவே தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பதைப் புதுப் பழக்கம் என்று சொல்ல முடியாது.

9 மார்ச்

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, வீட்டில் ஏப்ரலில் பிரசவம், நேராகச் சொல்லுங்கள் என்கிறார்.

சூப்பை ஒரு நாளைக்கு ஒரு கிண்ணம் வைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த மியோக் 5 கிராம். 4 பிப்ரவரி குறிப்பின் அளவுக்கு நாலு கிண்ணம் வரும், ஒருவரே ஒரு நாளில் குடிக்க அல்ல. வேண்டுமானால் 10 கிராம் போட்டு, தண்ணீரைக் குறைக்காமல், கறியைக் கூட்டுங்கள். தாசிமா வேண்டாம். ஊறிய தண்ணீரைக் கொட்டுங்கள். தைராய்டு நோய் ஏற்கெனவே இருந்தாலோ, குழந்தை குறைமாதமாக வந்தாலோ, சூப்பைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள், குழந்தையின் குதிகால் ரத்தப் பரிசோதனையை எப்போது திரும்ப எடுப்பது என்றும் கேளுங்கள். மற்ற வேளைக்கு முட்டை, மீன், பருப்பு எது ஒத்துக்கொள்கிறதோ அது.

கயிறு கட்டுவதும் கட்டாததும் உங்கள் விருப்பம். கக்குவான் தடுப்பூசியைத் தாய்க்கு 27 முதல் 36 வாரத்துக்குள் போடச் சொல்வார்கள். ஏப்ரல் என்றால் அந்தத் தவணை முடியப்போகிறது, இந்த வாரமே கேளுங்கள். பிள்ளையைத் தூக்க வரும் தாத்தா பாட்டிக்கு, தூக்குவதற்கு இரண்டு வாரம் முன்பாவது.